ஆவுடையப்பன் ஒரு நூலை முடித்தார்

தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர்கள் சற்று நேரம் பேனாவைக் கீழே வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எழுதி முடித்துவிட்டவர்கள் கடைசி அத்தியாயத்தைத் தாங்களே கிழித்துவிடுவது கௌரவம். ஏனெனில் பாளையங்கோட்டை எழுத்தாளர் ஆவுடையப்பன், இருபத்தாறு ஆண்டு உழைப்புக்குப் பின், தம் படைப்புகளுள் ஒன்றை முடித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

இந்த அறிவிப்பு, பொருநைச் சொல்வட்டம் என்ற இலக்கிய அமைப்பின் மாதக் கூட்டத்தில், ஆவுடையப்பனாலேயே எழுதப்பட்டு ஆவுடையப்பனாலேயே வாசிக்கப்பட்டது. வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். அவர்களில் மூவர், அதே கூடத்தில் அடுத்து நடக்கவிருந்த யோகா வகுப்புக்குப் பாயோடு முன்கூட்டியே வந்துவிட்டவர்கள். அந்த மூவர்தான் பலமாகக் கைதட்டினார்கள். மற்ற பதினொருவருக்கும் இது ஐந்தாவது அறிவிப்பு.

"எத முடிக்கப் போறீரு?" என்று வட்டத்தின் செயலாளர் கேட்டார்.

"அது தனி அறிவிப்பா வரும்" என்றார் ஆவுடையப்பன்.

அவரிடம் முடியாத படைப்புகள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் ஒன்பது நிறக் கோப்புகளாக, மேசைக்கு எதிரே ஒரே தட்டில் நின்றன. ஊரே கண்ணாடித் திரையைப் பார்த்துப் பேசியே எழுதுகிற காலத்தில் அவர் தாளில் எழுதினார். தாளில் எழுதுபவர் என்று பேட்டிகளில் சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. 'மூன்றாம் மதகு' என்ற ஆற்று நாவல் பச்சைக் கோப்பு. சரித்திர நாவல் காவி. நானூறு பக்கம் ஓடியும் அதில் அரசன் இன்னும் பிறக்கவில்லை. துப்பறியும் நாவல் கறுப்பு. கொலைகாரன் யாரென்று ஆசிரியருக்குத் தொடக்கத்தில் தெரிந்திருந்தது, நடுவில் மறந்துவிட்டது. தன்வரலாறு மஞ்சள், அதில் அவர் இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

எல்லாவற்றுக்கும் சிக்கல் ஏழாம் அத்தியாயம்தான். ஆறு அத்தியாயம் வரை ஆட்களை அறிமுகப்படுத்திவிடலாம். ஏழாவதில் அவர்கள் ஏதாவது செய்தாக வேண்டும். அந்த இடம் வந்ததும் ஆவுடையப்பனுக்குப் பக்கத்துக் கோப்பிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும். பச்சையில் ஆறு வற்றும் நேரம் பார்த்துக் கறுப்பில் ஒரு பிணம் கிடைக்கும். உடனே தாவிவிடுவார்.

"எனக்கு ஒம்பது அடுப்புவே. ஒம்பதும் கொதிச்சிட்டு இருக்கு" என்பார் கேட்பவர்களிடம்.

"எதிலயாவது வெந்துச்சா?" என்று செயலாளர் ஒருமுறை கேட்டதிலிருந்து இருவருக்கும் அவ்வளவாகப் பேச்சில்லை.

இருபத்தாறு ஆண்டு இப்படியே நிம்மதியாகக் கழிந்த மனிதருக்கு, திடீரென்று முடிக்கும் வெறி ஏன் வந்தது என்றால், தூத்துக்குடியில் பெர்க்மான்ஸ் முடித்துவிட்டார்.

பெர்க்மான்ஸும் ஆவுடையப்பனும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. பெர்க்மான்ஸ் பிறகு துறைமுகத்தில் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிக்கும் வேலைக்குப் போனார். அவரிடம் இருந்தது துறைமுகக் கிடங்கு ஒன்றைப் பற்றிய ஒரே ஒரு நாவல், 'ஏழாம் கிட்டங்கி'. அதை அவர் பத்தொன்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். முடிக்காதவர்களுக்குள் உண்டாகும் பாசம் அண்ணன் தம்பிக்குள்கூட உண்டாகாது. ஞாயிறுதோறும் ஆவுடையப்பன் தவறாமல் கூப்பிட்டு, "எத்தனாவது அத்தியாயம்வே?" என்று விசாரிப்பார். "அதே நாலுதான்வே" என்று பதில் வரும். அன்றைக்கு ஆவுடையப்பன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

அந்தப் பெர்க்மான்ஸ் எட்டே மாதத்தில் மீதியை எழுதி முடித்து, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கத்தில் நாவலை வெளியிட்டு, அதற்கு ஒரு விருதும் வாங்கிவிட்டார். பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்தும் பொறுப்பு, நெடுநாள் நண்பர் என்ற முறையில், ஆவுடையப்பன் தலையில் விழுந்தது. அவர் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாகவே போர்த்தினார். புகைப்படத்தில் பெர்க்மான்ஸ் இருமிக்கொண்டிருப்பது தெரிகிறது.

விழா முடிந்து மேடைக்குப் பின்னால் இருவரும் மக்ரூன் தின்றுகொண்டிருக்கும்போது ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்படிவே முடிச்சீரு? நெசத்தச் சொல்லும்."

"யார்ட்டயும் சொல்லப்பிடாது. ஒருமுகி போட்டேன்."

"அது பரிச்சைக்குப் படிக்கிற பிள்ளையளுக்குப் போடுறதுல்லா?"

"இப்ப எழுத்தாளருக்கும் வந்துட்டுவே. உம்ம ஊருலதான். வண்ணார்பேட்டையில ஒரு டாக்டரம்மா. காதுக்குப் பின்னால கடுகு கணக்கா ஒண்ணு வைக்காக. அம்புட்டுத்தான். முடிக்கிற வரைக்கும் வேற எழுத்து நெனப்பு எட்டிப் பாக்காது."

"மெசின் எழுதினதுன்னு சொல்லும்."

"மெசின் எழுதலவே. மெசின் மத்த கதவையெல்லாம் சாத்துச்சு. எழுதினது நாந்தான்."

பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது. அந்தத் தடத்தில் பேருந்துகளுக்கு ஓட்டுநர் கிடையாது என்பதால் யாரிடமும் எரிந்து விழவும் வழியில்லை. பெர்க்மான்ஸ் முடித்தது ஒரு எரிச்சல். மெசின் வைத்து முடித்தது இன்னொரு எரிச்சல். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்ததில் மூன்றாவதும் சேர்ந்தது: நாவல் நன்றாக இருந்தது.

அவர் ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குற்றம் குறிக்கத் தொடங்கினார். 'பக்கம் 61: தோணி கிழக்கே போகிறது. பக்கம் 63: காற்று எதிரே அடிக்கிறது. பாய் எப்படி விரியும்?' மூன்று வாரத்தில் நாலு நோட்டு நிரம்பியது. அதற்குப் பிறகுதான் மேற்படி அறிவிப்பு.

வண்ணார்பேட்டை டாக்டரின் பெயர் ஃபர்ஹானா. முப்பத்தைந்து வயதிருக்கும். எழுத்தாளர்களைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் வியக்காத முகம் வாய்த்திருந்தது. ஆவுடையப்பனும் அவர் மனைவி மாரிச்செல்வியும் எதிரே உட்கார்ந்தார்கள். மாரிச்செல்வி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் விதி.

"மனசுல நீங்க விடாம சுத்தி வர்ற ஒவ்வொண்ணும் படத்துல ஒரு வெளிச்சப் புள்ளியாத் தெரியும் சார்" என்றார் டாக்டர். "எது ரொம்பப் பிரகாசமோ அத விட்டுட்டு, மத்த எழுத்து எல்லாத்துக்கும் திரை போட்டுருவோம். எழுதினது முடிஞ்சதுன்னு உங்க மனசு என்னைக்கு நம்புதோ, அன்னைக்குத் திரை தானா விலகிரும்."

"சும்மாவாச்சும் முற்றும்னு எழுதினா?"

"நெறைய பேரு எழுதிப் பாக்காங்க. விலகாது."

"எந்தப் புள்ளிங்கிறத நாமளே சொல்லிரலாம்லா?"

"முடியாது சார். நாம எழுதுறதா நெனைக்கிறது வேற, மனசு சுத்துறது வேற. ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். திரைக்குப் பின்னால ரொம்ப நாள் கெடந்தது வாடிப்போகலாம். வெளிய வந்ததும் பழைய மாதிரி இருக்கும்னு உத்தரவாதம் கெடையாது."

"என் எழுத்து வாடாது" என்றார் ஆவுடையப்பன். "அப்புறம், புள்ளி விசயத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. மூன்றாம் மதகு. எழுதிக்கிடுங்க."

டாக்டர் எழுதிக்கொள்ளவில்லை. அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஒரு வளையத்தை மாட்டி, தம் எழுத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார். கேட்க ஆள் இருக்கும்போது ஒரு மணி நேரம் பேசுவது ஆவுடையப்பனுக்கு ஒரு சிரமமா?

"மூன்றாம் மதகுல ஆறுதான் கதாநாயகன்" என்று தொடங்கினார். "பெர்க்மான்ஸுக்கு இது புரியாது. அவனுக்குக் கடல்தான். கடல்ல என்ன இருக்கு? அது பாட்டுக்குக் கெடக்கும். ஆறு ஓடணும். அவன் நடை ஓடாது, நிக்கும். ஆனா அந்தப் புயல் அத்தியாயம்... சரி, அது எப்படியோ அமைஞ்சு போச்சு. அதுலயும் ஒரு தப்பு இருக்கு, கேளுங்க..."

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் மாரிச்செல்வியை அடுத்த அறைக்குக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். ஏதோ சொன்னார். ஏதோ கேட்டார். மாரிச்செல்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி ஒப்புதல் தாளில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். இந்தப் பக்கம் வளையத்தோடு உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன், தம் மூளையின் விஸ்தாரத்தைக் கண்டு மனைவி பேச்சற்றுப் போனதாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் எழுத உட்கார்ந்தார். தலையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகத் தாம் எழுத விரும்பிய நூல் எது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. முதல் தாளின் உச்சியில் அழகாகத் தலைப்பிட்டார்: 'பெர்க்மான்ஸின் ஏழாம் கிட்டங்கி: ஒரு முழுமையான ஆய்வு'.

எழுத்து ஓடியது. ஏழாம் அத்தியாயம், விரைவு ரயில் சிறு ஊரைக் கடப்பதுபோல் கடந்துபோனது. குளிக்கும்போது பெர்க்மான்ஸ், சாப்பிடும்போது பெர்க்மான்ஸ். மாரிச்செல்விக்குக் கண்புரை அறுவை நடந்தது. மாலையில் ஆவுடையப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலோரம் நின்றார்.

"வலிக்குதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், "அந்தோணிப்பிள்ளை நாப்பதாம் பக்கத்துல செத்துட்டான். நூத்திப் பத்தாம் பக்கத்துக் கல்யாணத்துல பந்தியில இருக்கான். கவனிச்சியா?" என்றார்.

மாரிச்செல்வி கட்டுப் போடாத கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"கவனிக்கல" என்றாள்.

சனிக்கிழமைதோறும் பெர்க்மான்ஸ் பேட்டிக்கு வந்தார். தன்னைப் பற்றி ஒருவன் புத்தகம் எழுதுகிறான் என்றால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்? முதல் சில வாரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிறகு அவரும் களைத்துவிட்டார்.

"ரெண்டாம் அத்தியாயத்துல ஏன் மழை?" என்பார் ஆவுடையப்பன்.

"பெய்ஞ்சுதுவே."

"அது பதிலாவே? மழை எதைக் குறிக்கு?"

"மழையைத்தான்வே குறிக்கு. மூட்ட நனைஞ்சிரும்னு ஓடுதான் அவன். என்னைய விடும், பசிக்கு."

ஏழாவது சனிக்கிழமை, ஆவுடையப்பன் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, பெர்க்மான்ஸ் எழுந்துபோய் எதிர்த் தட்டின் முன்னால் நின்றார்.

"இது என்னவே கலர் கலரா?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். "தெரியல. யாரோ வச்சிட்டுப் போன கட்டு. ரொம்ப நாளாக் கெடக்கு."

பெர்க்மான்ஸ் கறுப்புக் கோப்பை உருவினார். நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மாரிச்செல்வி சாப்பிடக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

"இத யாரு எழுதினது?" என்றார் ஒருவழியாக.

"எவனோ முடிக்கத் தெரியாதவன்."

பெர்க்மான்ஸ் நண்பரின் காதுக்குப் பின்னால் இருந்த கடுகையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குள் இருப்பவனிடம் வெளியே உள்ளதை ஞாபகப்படுத்தக் கூடாது, மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். கோப்பு யாருடையது என்று சொல்லாமலிருக்க அது நல்ல காரணம். அதனால் அதையே காரணமாக வைத்துக்கொண்டார்.

"நான் கொண்டு போகட்டுமா? ஒம்பதையும்?"

"தாராளமாக் கொண்டு போம். எடத்த அடைச்சிட்டு நிக்கு."

"பொறவு ஒரு பேச்சு வரப்பிடாது. எழுதித் தாரும்."

'இக்கோப்புகள் எனக்குரியவை அல்ல. இவற்றைப் பெர்க்மான்ஸ் தம் விருப்பம்போல் எழுதி முடித்துக்கொள்ளலாம்' என்று ஆவுடையப்பன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த கேள்விக்குப் போனார். வாசல்படியில் மாரிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். கோப்புகளைப் போட்டுக்கொண்டு போக ஒரு கட்டைப்பை எடுத்து வந்து கொடுத்தாள்.

பங்குனியில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, எழுநூற்று நான்காம் பக்கத்தில் ஆவுடையப்பன் 'முற்றும்' என்று எழுதினார். அடைத்திருந்த மூக்கு திடீரென்று திறந்துகொண்டதுபோல் இருந்தது. மூன்றாம் மதகு ஞாபகம் வந்தது. கறுப்பு, காவி, மஞ்சள் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஞாபகம் வந்தன. நிமிர்ந்தார். எதிர்த் தட்டு காலியாக இருந்தது. தூசு படியாத ஒரு நீளச் சதுரம் மட்டும் அங்கே மிச்சம்.

அப்புறம்தான் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவர் மனம் அந்த நாவலைச் சுற்றியது. ஆனால் ஒரு புத்தகத்தோடு எட்டு மாதம் வேறு நினைப்பே இல்லாமல் இருந்தால், அது நல்ல புத்தகமாகவும் இருந்துவிட்டால், குற்றம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தோணியும் காற்றும் பற்றிய ஆட்சேபம் எட்டாம் பக்கத்திலேயே தீர்ந்திருந்தது. அந்தக் கடற்கரையில் காற்று திரும்பும் நேரம் அது என்று அவரே விளக்கியிருந்தார். கடைசிப் பத்தியை இரண்டு தரம் படித்தார். 'இந்நாவலுக்கு இணையான ஒன்றை இந்நூலாசிரியர் எழுதியதில்லை, எழுதப்போவதும் இல்லை.' அவருடைய கையெழுத்துதான். அடித்தல் திருத்தல்கூட இல்லை.

"முடிச்சிட்டியளா?" என்று மாரிச்செல்வி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"முடிச்சிட்டேன். எத முடிச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அடுத்த பேருந்தில் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டார்.

பெர்க்மான்ஸ் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பச்சை கட்டிலில் விரிந்திருந்தது. காவி பிரிட்ஜுக்கு மேலே. கறுப்பு சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்புக்கு அடியில். பெர்க்மான்ஸ் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஒன்றில் நாலு வரி எழுதுவதும், எழுந்துபோய் இன்னொன்றில் இரண்டு வரி எழுதுவதுமாக இருந்தார். பத்து வயது குறைந்தவர்போல் தெரிந்தார்.

"வாரும்வே. திரை விலகிட்டா?"

"திருட்டுப்பயலே" என்றார் ஆவுடையப்பன்.

"சத்தம் போடாதையும். உம்ம கையெழுத்து இருக்கு எங்கிட்ட." பெர்க்மான்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும். ஒரு விசயம் சொல்லுதேன். கிட்டங்கிய முடிச்சு, அந்தக் கடுக எடுத்த பொறவு, உள்ள போய்ப் பாத்தேன். ஒண்ணும் இல்லவே. எனக்கு இருந்ததே ஒரு கெணறு. அத அடிமண் தெரிய எறைச்சிட்டேன். மேடையில பொன்னாடையப் போர்த்தினீரே, அன்னைக்கே எனக்குத் தெரியும், இனிமே வாழ்க்கையில ஒரு வரி வராதுன்னு. உமக்கு ஒம்பது ஊத்து. ஒண்ணுல சலிச்சா ஒண்ணு. பத்தொம்பது வருசமா, ஞாயித்துக்கெழம போன் வச்ச பொறவெல்லாம் உம்ம நெனச்சு வயிறெரிஞ்சவன் நான்."

ஆவுடையப்பன் கோபத்தை அப்படியே நிறுத்திவைத்தார்.

"யாரப் பாத்து?"

"உம்மப் பாத்துத்தான்."

"திரும்பச் சொல்லும்."

"உம்மப் பாத்து வயிறெரிஞ்சேன்வே. போதுமா?"

ஐம்பத்துநான்கு ஆண்டு வாழ்க்கையில் இவ்வளவு இனிமையான வாக்கியத்தை யாரும் அவரிடம் சொன்னதில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டார்.

"சரி, என் கோப்பக் கொடும்" என்றார்.

"எடுத்துக்கிடும். உமக்கில்லாததா?"

ஆவுடையப்பன் பச்சையை எடுத்துப் பிரித்தார். ஆறு, மதகு, மதகுக்காவலன் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் தவறுதலாக நம் வீட்டுக்கு வந்துவிட்ட பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் படிப்பதுபோல் இருந்தது. அந்தக் காவலன் ஏன் அழுகிறான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. டாக்டர் சொன்னது சரிதான், வாடிப்போயிருந்தது. அவர் அதை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தார். அதில் ஏழாம் அத்தியாயம் இருந்தது. பெர்க்மான்ஸின் குண்டு எழுத்து. நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். ஆட்கள் ஏதேதோ செய்தார்கள். செய்ததெல்லாம் சரியாக இருந்தது.

"கொலைகாரன் யாரு?" என்றார், குரலில் ஆர்வத்தைக் காட்டாமல்.

"அது இன்னும் தெரியல. நேத்தோட அத நிப்பாட்டிட்டேன். இப்ப மஞ்சள்ல இருக்கேன்."

"மஞ்சள் என் தன்வரலாறுவே!"

"ஆமா. உமக்கு ஆறாங்கிளாஸ்ல டைபாயிடு வந்திருக்கு. பொழைப்பீரா மாட்டீரான்னு கெடக்கு. அத முடிக்காம வேற சோலி ஓடாது."

ஆவுடையப்பன் ஒரு கோப்பையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு போனால் எழுத வேண்டும். எழுதத் தெரியவில்லை என்றால் பெர்க்மான்ஸ் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு எத்தனாவது அத்தியாயம் என்று கேட்பார். அவர் பேருந்துக்கு நடக்கும்போது, பின்னால் வீட்டுக்குள்ளிருந்து அந்த முணுமுணுப்புப் பாட்டு கேட்டது. எதையும் முடிக்காதவனின் பாட்டு. அது நேற்றுவரை அவருடைய பாட்டு.

அடுத்த வாரம் கடுகை எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போனார்கள். காத்திருக்கும் இடத்தில் ஆவுடையப்பன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இவ மேல கேஸ் போடப்போறேன். புள்ளிய மாத்தி வச்சிட்டா. என் வாழ்க்கையே போச்சு."

"டாக்டரம்மா மாத்தல" என்றாள் மாரிச்செல்வி. "எங்கிட்டக் கேட்டாங்க."

"என்ன கேட்டா?"

"படத்தக் காட்டினாங்க. 'சார் சொன்ன நாவல் இது இல்ல, பிரகாசமா இருக்கிறது வேற ஒரு ஆளோட நாவல். இப்பச் சொன்னா சாரோட வெளிச்சமெல்லாம் மாறிரும், அதனால அவர்ட்டக் கேக்க முடியாது. நீங்கதான் சொல்லணும், வைக்கவா வேண்டாமா'ன்னாங்க. நான் வைங்கன்னேன்."

ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்னும் கேட்டேன். தேடினாங்க. பாவம், ரொம்ப நேரம் தேடினாங்க. மொதல்ல பெர்க்மான்ஸ் அண்ணன். பொறவு உங்க ஒம்பது கோப்பும். பதினொண்ணாவது காலையில நீங்க குடிக்கிற காபி. பன்னெண்டாவது நான்." அவள் குரல் கணக்குச் சொல்லித்தருவதுபோல் நிதானமாக இருந்தது. "இருபத்தாறு வருசம். பள்ளிக்கூடத்துல நடந்தத சொல்லிட்டு இருப்பேன். பாதியில 'பெர்க்மான்ஸ் என்ன பண்ணினான் தெரியுமா'ம்பிய. மிச்சப் பாதியில கோப்பு மாத்தப் போயிருவிய. எனக்குச் சக்களத்தி ஒருத்தி ரெண்டு பேருன்னா சண்டை போடலாம். பதினொண்ணோட என்னத்தச் சண்டை போட?"

"அதுக்காக?"

"முடிச்சதெல்லாம் மனசுல மங்கிரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. சரி, அந்த அண்ணன முடிச்சு வெளிய அனுப்பிருவியன்னு நெனச்சேன். கோப்ப அவரு கேட்டப்பவும், போகட்டும்னுதான் பையக் கொடுத்தேன். பத்தும் போனா ரெண்டாவதாவது வருவேன்லா? காபியக்கூட ஜெயிக்க முடியாதா?"

ஆவுடையப்பனுக்குக் கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் மலையளவு கோபப்படலாம். ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றி, அறுவை செய்த கண்ணைச் சேலை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் அறுவை நடந்ததே அவருக்கு அப்போதுதான் சரியாக ஞாபகம் வந்தது.

"கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதத்தில், அவள் பதில் சொல்வதற்காக அவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாத் தெரியுது" என்றாள்.

டாக்டர் ஃபர்ஹானா கடுகை எடுத்துவிட்டு, வழக்கப்படி இன்னொரு படம் எடுத்தார். இந்தமுறை விதி எதுவும் குறுக்கே நிற்காததால் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரையைத் திருப்பினார். மாரிச்செல்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது கோப்புகள் இருந்த இடம் இருண்டு கிடந்தது. 'ஏழாம் கிட்டங்கி' அணைந்துவிட்டிருந்தது. அது பொய்யில்லை, முடித்தது மங்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு புள்ளி, போன தடவையைவிடப் பெரிதாக, கண் கூசும்படி எரிந்துகொண்டிருந்தது. அதில் பெர்க்மான்ஸ் மஞ்சள் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். டாக்டர் அதைத் தாண்டி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு எண் போட்டுக் காட்டினார்.

"நல்ல முன்னேற்றம் மேடம். நீங்க ஒம்பது எடம் மேல வந்திருக்கீங்க."

மாரிச்செல்வி மனத்துக்குள் கழித்துப் பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்பது போனால் மூன்று.

காபி இரண்டாவது. அதைப் போடுவது அவள்தான்.